டொமினிக்காவுக்கு வழி சொன்ன டாப்பு

ஜவ்வாது மலை முழுவதிலும் டொமினிக்கா தீவுக்கு வழி சொல்லத் தெரிந்த ஒரே ஆள் டாப்புதான். அதுவரைக்கும் அவர் வாணியம்பாடியைத் தாண்டியதே இல்லை என்பது வேறு விஷயம்.

டாப்பு எங்கள் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஆலங்காயத்துக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா தெரியாது. ஜீப்பின் டாப்பில் அவர் ஏற்றாத சாமான் இல்லை. புளி மூட்டை, பீரோ, ஆட்டுக்கிடா எல்லாம் ஏற்றியிருக்கிறார். ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளையையே ஏற்றினார். உள்ளே இடமில்லையாம், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதாம். மாலை கசங்காமல் கொண்டுபோய் இறக்கினார் என்று இன்றைக்கும் பேச்சு இருக்கிறது.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் பயணம் மாட்டியது.

என் மகள் செல்வி நர்ஸ். நாலு வருஷமாக டொமினிக்காவில் வேலை. கரீபியன் கடலுக்குள் இருக்கும் சின்னத் தீவு. "இங்கயும் மலதாம்மா, மழதாம்மா" என்பாள். போன வருஷம் ஒரு நாள் போனில், அந்த ஊர் வாத்தியார் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பதிவு ஆபீசில் கல்யாணம். "எம் பக்கம் நீ ஒருத்தியாவது வந்து நில்லும்மா" என்றாள். பாஸ்போர்ட், டிக்கெட், நடுவில் இறங்கும் ஊருக்கான காகிதம் எல்லாவற்றுக்கும் அவளே ஏற்பாடு செய்துவிட்டாள். போய்வர ஒன்பது நாள்.

அவள் அப்பா உயிரோடு இல்லை. என் அண்ணன்தான், அவளுடைய தாய்மாமன், முன்னால் நின்று நடத்த வேண்டியவர். அவர், "சாதி சனம் இல்லாத கல்யாணத்துக்கு நான் வர்ல. நீ போனீன்னா எவ்வூட்டுப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். டாப்பு கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, மூஞ்சி தொங்கிக் கெடக்குது?"

நான் நாலு பேர் நடுவில் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு என்னமோ சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தினி வண்டி மாறணும்?"

"மூணு பிளேனாம், தம்பி."

"மூணா? இங்கருந்து வேலூர் பெரியாசுபத்திரிக்கே மூணு வண்டி மாறணும்கா! இதுக்கா அழுவுற?"

அன்றிலிருந்து அவர்தான் மேனேஜர்.

கடைசியில் ஏறுவது சின்ன பிளேன், முதுகில் மாட்டுகிற பை ஒன்று போதும், ஏழு கிலோவுக்கு மேல் கூடாது என்று செல்வி சொல்லியிருந்தாள். டாப்பு ஒரு முதுகுப்பை கொண்டுவந்தார். மலையேற வந்த யாரோ ஜிப்பு பிய்ந்ததென்று போட்டுவிட்டுப் போனது. ஜிப்பு இருந்த இடத்தில் நைலான் கயிறு கோத்து, மூட்டை கட்டுகிற முடிச்சாகப் போட்டார். புளி நிறுக்கிற தராசில் தொங்கவிட்டார். பதினாலு கிலோ.

"இன்னாக்கா வச்சிருக்க?"

"சாமை, புளி, ஒரு பாட்டில் தேன்."

செல்விக்குப் போன் போட்டோம். தானியம் கூடாது, புளி கூடாது, தேன் கையில் கொண்டுவரவே கூடாது என்றாள். எல்லாவற்றையும் எடுத்தபின் கல்யாணப் புடவையும் என் இரண்டு சேலையும் மிஞ்சின. மூன்று கிலோ. டாப்புவுக்கு முகம் செத்துப்போனது.

"நாலு கிலோ எடம் காலியா அனுப்புனா ஆலங்காயம் ஸ்டாண்டுல எவனாவது என்ன மதிப்பானா?"

தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி, ஏழு கிலோ நிறைகிற வரைக்கும் துணி சேர்த்தார். அப்படித்தான் அந்தத் தீவுக்கு எங்கள் ஊரிலிருந்து ஆறு துண்டும் இரண்டு வேட்டியும் ஒரு ஜமுக்காளமும் போயின.

அடுத்தது பயிற்சி. பையை மாட்டிக்கொண்டு தினமும் வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் நடக்க வேண்டும். நடை எனக்குப் பெரிதில்லை. பேச்சுதான் வரவில்லை. "வெயிட்டு பையில இல்லக்கா, ஒன் வெக்கத்துல இருக்குது. அதான் ஓவர் லோடு" என்றார். ஜீப்புக்குள்ளேயே ஏர்போர்ட் போட்டுவிட்டார். புளி வாங்க மேலே வந்திருந்த வாணியம்பாடி பாய்தான் வெளிநாட்டு ஆபீசர். மற்றவர்கள் வரிசையில் நிற்கிறவர்கள்.

பாய் குரலைக் கனமாக்கி, "எதுக்கு வந்தீங்க?" என்றார்.

நான் முணுமுணுத்தேன்.

"ஆபீசருக்குக் கேக்கல!" என்று டாப்பு ஹாரன் அடித்தார்.

"என் மவ..."

மறுபடி ஹாரன். பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது.

"எம் மவ கல்யாணம்! நான் போவணும்!"

செல்வியின் கல்யாணத்தைப் பற்றி ஊரில் எல்லோரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நானே சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாய் மெதுவாக, "போய்ட்டு வாங்கம்மா, பாஸ்" என்றார்.

புறப்படுகிற நாள். பிளேன் நாலு மணிக்கு. ஒரு மணிக்கே உள்ளே போய்விடு என்று செல்வி பத்துத் தடவை சொல்லியிருந்தாள். விடிந்ததும் கிளம்பினோம். சென்னை வரைக்கும் தன் ஜீப்பிலேயே விடுகிறேன் என்றார் டாப்பு. ஆம்பூர் வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி நின்று, "வேலூர், வேலூர்!" என்று கூவ ஆரம்பித்தார்.

"தம்பி, இன்னா இது?"

"காலியாப் போனா வண்டிக்கு அசிங்கம்கா."

"நேரமாவுதே."

"பிளேன்ல முந்நூறு சீட்டாம். ஆளு நெறையாம எவனாவது வண்டி எடுப்பானா? அவனும் கூவிக்கினு இருப்பான். மொதல்ல போயி வெறும் பிளேன்ல குந்திக்கினு இன்னா பண்ணப்போற?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மலையில் நேரம் பார்த்து எடுத்த வண்டியை நானும் கண்டதில்லை. ஆம்பூரில் ஒரு மணி நேரம் போனது. வேலூரில் இறக்கி மறுபடி ஏற்றினார். வாலாஜாவில் கடைசி இரண்டு பேருக்காக நிற்கும்போது மணி பன்னிரண்டு. போனில் செல்வி: "உள்ள போயிட்டியாம்மா?"

அவளுக்கு என்ன சொல்வேன்? அவள் பக்கம் நிற்க இருக்கிறதே ஒரே ஒரு ஆள். அந்த ஆள் வாலாஜாவில் நிற்கிறாள்.

"டாப்பு! வண்டிய எட்றா!"

ஏறியிருந்தவர்கள் நடுங்கிப்போனார்கள். டாப்பு ஓடிவந்து சீட்டில் குதித்தார். கோபப்படுவார் என்று பார்த்தால் வாயெல்லாம் பல். "இந்தக் கொரலுதான்கா! இது இருந்தா போதும்!" அதற்குப் பிறகு அந்த ஜீப் எதற்கும் நிற்கவில்லை. காஞ்சிபுரம் போக வேண்டியவர்கள் இரண்டு பேர் மீனம்பாக்கத்தில் இறங்கினார்கள், பாவம்.

வாசலில் போலீஸ் மறித்தது. "பைய பிளேன் டாப்புல ஏத்தி வுட்டுட்டு வந்துர்றேன் சார்" என்று எவ்வளவோ கெஞ்சினார். விடவில்லை. நான் ஒருத்தியாக ஓடினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரை மூடப்போனாள்.

"எம் மவ கல்யாணம்! நான் போவணும்!"

பத்து வரிசையும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் சீட்டு கொடுத்தாள். சோதனை போடுகிற இடத்தில் மூன்று பேர் சேர்ந்தும் டாப்பு போட்ட முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நானே அவிழ்த்துக் காட்டினேன்.

பிளேனுக்குள் போய் உட்கார்ந்ததும் கதவு மூடினார்கள். எனக்குப் பக்கத்து சீட்டு காலி. டாப்பு பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார்.

டொமினிக்காவில் பதிவு ஆபீசர் பெண் பக்கம் யார் என்று கேட்டார். எழுந்து நின்றேன். தமிழில் கையெழுத்துப் போட்டேன். அங்கே காலை, இங்கே விளக்கு வைக்கிற நேரம். செல்வி போனைத் தூக்கிப் பிடித்தாள். அதில் ஆலங்காயம் ஸ்டாண்டு, வெள்ளைச் சட்டையில் டாப்பு, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு ஜீப் ஜனம்.

"மாப்ளயக் காட்டு, பாக்கலாம்! ம்ம், நல்ல ஒசரம். டாப்புல ஏணியில்லாமலே மூட்ட ஏத்துவாரு!"

செல்வி சிரித்துக்கொண்டே, "ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா" என்று போனைப் பார்த்துக் குனிந்தாள்.

ஹாரனைவிடச் சத்தமான அந்த மனுஷர் இரண்டு கையையும் தூக்கினார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தாய்மாமன் வந்தாரா என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். வந்தார் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.