ஒரு வருஷம் உழைத்த கரண்டி

"அழகெல்லாம் சரிங்க. ஒரு வருஷம் அடுப்படியில உழைச்ச கரண்டி ஒண்ணு காட்டுங்க, பாத்துட்டு எடுத்துக்கறேன்" என்றார் மாணவர் விடுதியின் சமையல்காரம்மா.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தான் செதுக்கிய மரக்கரண்டிகளைப் பரப்பி வைத்திருந்த லிஃப்ட் மெக்கானிக் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. விலை கேட்பார்கள், குறைக்கச் சொல்வார்கள், கரண்டியால் முதுகைச் சொறிந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். இதெல்லாம் அவருக்குப் பழக்கம். பழசைக் காட்டு என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

"புதுசுல எல்லாக் கரண்டியும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளன்னுதான் இருக்கும். கொதியிலயும் சூட்டுலயும் கிடந்து எழுந்தாத்தான் குணம் தெரியும். உங்க வீட்டுல இதைத்தானே புழங்கறீங்க?"

"பின்னே? எங்க வீட்டுல வேற கரண்டியே கிடையாதுங்க!"

வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அப்ப அதுல ஒண்ணை அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க. பிடிச்சிருந்தா விடுதிக்கு நாப்பது எடுத்துக்கறேன்."

நாற்பது என்ற சொல் அவர் காதில் நாதஸ்வரம் வாசித்தது. லிஃப்ட் வேலை முடிந்து வந்து, பால்கனியில் உட்கார்ந்து இத்தனை காலமாகச் செதுக்குகிறார். விற்றவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் ஒருவர், கரண்டிக் காம்பு ஷூ மாட்டுவதற்குத் தோதாக இருப்பதாகத் தேடி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். அவரிடம் அகப்பைகளுக்குப் பஞ்சமே இல்லை. சட்டியில் போட ஆள்தான் இல்லை.

வீட்டிலோ மனைவி கடைசி வார்த்தை சொல்லியாகிவிட்டது. "துணி காயப் போட இடமில்லை. போர்வையை உதறினா மரத்தூள். அடுத்த சந்தையோட இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க. இல்லேன்னா கட்டை, உளி எல்லாத்தையும் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடுவேன்." போடக்கூடியவள்தான். போன வருடம் அவருடைய பழைய ரேடியோ அப்படித்தான் போனது.

அவருக்கு உள்ளூர இன்னொரு வருத்தமும் உண்டு. ஊர் வாங்காவிட்டால் போகிறது, கட்டியவள் ஒரு நாளாவது தன் கரண்டியால் கிளறிப் பார்க்கக் கூடாதா? அவள் அடுப்படியில் எவர்சில்வர் கரண்டிகள் வரிசையாகத் தொங்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் மனம் சுருங்கும். வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அன்று மாலை வெட்கத்தை விட்டார்.

"ஏம்மா, இந்த ஒரு வாரம் மட்டும் என் கரண்டியில சமைச்சுப் பாரேன்."

"என் அடுப்படியில எவர்சில்வர்தான்."

"ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுன்னுதான் ஆரம்பிப்பீங்க. போய் வேலையைப் பாருங்க."

போய் வேலையைப் பார்த்தார். ஒரு வருடத்தை ஒரு வாரத்தில் செய்து முடிக்கும் வேலை.

மறுநாள் மனைவி கடைக்குப் போன நேரத்தில், உள்ளே வெள்ளைப் பூச்சுப் போட்ட அவளுடைய நல்ல பாத்திரத்தில் டீத்தூளைக் கொட்டி, ஒரு புதுக் கரண்டியைப் போட்டுக் கொதிக்கவிட்டார். கரண்டி அரைகுறையாக நிறம் பிடித்தது. பாத்திரம் முழுமையாகப் பிடித்தது. கறை என்றால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பால்கனிக்கு ஓடி, கரண்டி தேய்க்கும் உப்புத்தாளை எடுத்து வந்து தேய்த்தார்.

"இது என்ன கண்றாவி?" என்றாள் மனைவி, பாத்திரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து.

"லேசா கறை இருந்துச்சு. எடுத்தேன்."

"கறையை எடுத்தீங்களா, பாத்திரத்தையே எடுத்தீங்களா?"

அடுத்த கரண்டியை அடுப்புத் தீயில் வாட்டிப் பார்த்தார். ஓரம் கறுத்தால் உழைத்த களை வரும் என்று கணக்கு. கறுக்கவும் செய்தது. 'டப்' என்று நெடுக்கே பிளக்கவும் செய்தது. புகை மாடி நடைபாதை வரை போய், எதிர்வீட்டு டெய்லரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, என்னமோ கருகுதே! அக்கா இல்லையா?"

"ஒண்ணுமில்லம்மா, கரண்டி."

"கரண்டியையா சமைக்கறீங்க?"

மூன்றாவது கரண்டியை வேலைக்கு எடுத்துப் போய், லிஃப்ட்டுக்குப் போடும் கிரீஸ் டப்பாவில் ஊறப்போட்டார். நிறம் அச்சு அசலாக வந்தது. கழுவிக் கழுவி முகர்ந்து பார்த்தார். வாசனை மட்டும் லிஃப்ட்டை விட்டு இறங்க மாட்டேன் என்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூடப் பரவாயில்லை. இது குரங்காகவும் வரவில்லை.

சனிக்கிழமை மாலை சோர்ந்து போய் வீடு திரும்பியவர், நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார். டெய்லரம்மாவின் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. விளிம்பில் ஒரு மரக்கரண்டி காய்ந்துகொண்டிருந்தது.

தேன் நிறம். நுனி ஒரு பக்கம் பதமாகத் தேய்ந்திருந்தது. காம்பைப் பாதியாக அறுத்து, பிடிக்குத் துணி சுற்றி, நுனியில் துளையிட்டுக் கயிறு கட்டியிருந்தது. எண்ணெய் ஊறி ஊறி மரமே மினுமினுத்தது. எந்தக் கைராசிக்காரன் செதுக்கினானோ என்று பொறாமையாக வந்தது. தன்னிடம் இத்தனை கிடக்க, எதிர்வீட்டுக்காரி வேறு எவனிடமோ போய் வாங்கியிருக்கிறாளே!

அக்கம் பக்கம் பார்த்தார். திருட்டு இல்லை, இரவல் என்று மனசாட்சியிடம் சொன்னார். மறுநாள் மதியத்துக்குள் திருப்பி வைத்துவிடலாம். அதுவரை ஜன்னல் வெறுமையாக இருக்க வேண்டாமே என்று பையிலிருந்த புதுக் கரண்டி ஒன்றை அங்கே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சமையல்காரம்மா அந்தக் கரண்டியைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதைச் சொல்லுங்க! ஒரு வெடிப்பு இல்ல, ஒரு சிலாம்பு இல்ல. கைக்கு அடக்கமா இருக்கு. இந்தத் துணி யாரு சுத்தினது?"

"வந்து... வீட்டுலதான்."

"உங்க வீட்டம்மா இதைப் பிள்ளை மாதிரி வெச்சிருக்காங்க. பிடிக்காத சாமானுக்கு யாருங்க இவ்வளவு பாடுபடுவாங்க? குடுத்து வெச்சவர் நீங்க. இதே மாதிரி நாப்பது போட்டுக் குடுங்க."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் நின்றார் மெக்கானிக். நாற்பது கரண்டி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. 'சரிங்கம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உளியும் பால்கனியும் பிழைத்துவிடும். ஆனால் அந்தப் 'பிள்ளை மாதிரி' நெஞ்சில் போய்க் குத்தியது. எவனோ ஒருவனுக்குச் சேர வேண்டிய பாராட்டு. எவனோ ஒருவனுக்குக் கிடைத்த கொடுப்பினை. அதைப் பொய் சொல்லி வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. இது என் கரண்டி இல்ல. எதிர்வீட்டு ஜன்னல்லேர்ந்து எடுத்துட்டு வந்தேன். என் வீட்டுல என் கரண்டியை யாரும் தொடறதுகூட இல்ல."

சமையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கரண்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

"சரி. அப்ப இதைச் செஞ்சவரு யாரு? அவர்கிட்டயே வாங்கிக்கறேன்."

"தெரியலீங்க" என்று அவர் தலை குனிந்தபோது, சந்தைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டெய்லரம்மா மூச்சு வாங்க வந்து நின்றாள். கையில் அவர் ஜன்னலில் வைத்த புதுக் கரண்டி.

"அண்ணே! இதைப் பாத்ததுமே உங்க வேலைன்னு தெரிஞ்சு போச்சு. அந்தக் கரண்டியைக் குடுங்க முதல்ல. அடுப்புல எல்லாம் அப்படியே நிக்குது!"

"தப்புதாம்மா. கோவிச்சுக்காதே. இந்தம்மாவுக்கு ஒரு பதில் மட்டும் சொல்லிடு. இதை நீ யார்கிட்ட வாங்கினே?"

டெய்லரம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். இனி மறைத்துப் பயனில்லை என்று பெருமூச்சு விட்டாள்.

"நான் எங்கேண்ணே வாங்கினேன், இது நீங்க செஞ்ச கரண்டிதான், நீங்க வெளிய போனதும் அக்கா எடுத்துட்டுப் போய்ச் சமைப்பாங்க, நீங்க வர்றதுக்குள்ள என்கிட்ட குடுத்து வெச்சிடுவாங்க, 'நல்லா இருக்குன்னு மட்டும் அவருக்குத் தெரிஞ்சுதோ, நாங்க படுக்கிற இடத்துலயும் கரண்டிதான்டி கிடக்கும்'னு!"