ஒடிந்த முடிக்கு ஒரு பொட்டலம்

ஐம்பதுகளின் நடுவில் பாம்பனில் தலைமுடி என்று ஒன்றை வைத்திருந்த யாரும் தராசுக் கம்பவுண்டரிடமிருந்து தப்பியதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அம்மாள் கொடுத்தார். கரைவலை இழுக்கிறவர்கள் கொடுத்தார்கள். ராமேஸ்வரம் போகிற வழியில் வயிற்றுவலி மருந்துக்காக இறங்கிய வடநாட்டுச் சாமியார் ஒருவர்கூடத் தன் சடையிலிருந்து இழுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த ரயில் ஏறினார். மனிதர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, ஆளுக்கு ஒரே ஒரு முடி.

வாங்கிய முடியின் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டுவார். மறுநுனியில் மருந்து நிறுக்கிற தராசின் பித்தளைத் தட்டைத் தொங்கவிடுவார். அதில் டிராம் என்கிற சின்ன மருந்து எடைக்கற்களை ஒவ்வொன்றாக, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி வைப்பார். முடி அறுந்து தட்டு மேசையில் விழுந்ததும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பார். பிறகுதான் நோட்டில் எழுதுவார். அதுவரை பெஞ்சில் காய்ச்சல்காரர்கள் நடுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அம்மாளின் முடி இருபத்திரண்டு டிராம் தாங்கியது. அன்றிலிருந்து அந்த அம்மாள் எங்களோடு பேசுகிற தோரணையே மாறிவிட்டது.

அது ஒரு தனியார் டிஸ்பென்சரி. டாக்டர் ராமநாதபுரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் வந்துபோவார். மீதி ஐந்து நாளும் கம்பவுண்டர் ராஜ்யம்தான். ஒல்லியான ஆள், வயது நாற்பது இருக்கலாம், பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. கடலைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பேச்சைத் தொடங்கிவிட்டுப் பாதியில் எங்கேயோ போய்விடுவார். "இந்த மாத்திரையச் சாப்பாட்டுக்கு" என்று ஆரம்பிப்பார். ரயில் பாலத்தில் ஏறும். அது தடதடவென்று கடலைத் தாண்டி, சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகுதான் "பெறகு" என்பார். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்துகொள்ள நாங்கள் எத்தனையோ தடவை பாலம் முடிகிறவரை நின்றிருக்கிறோம்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். பாம்பனில் பெண்கள் பள்ளிக்கு டீச்சராக வந்து, வள்ளம் வைத்திருந்த ஒரு மரைக்காயர் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். வந்த வருஷமே பங்குனியில் டைபாய்டு காய்ச்சல் படுக்கையில் போட்டுவிட்டது. ஊரிலிருந்து ஆத்தா ஓடிவந்து இருபத்தோரு நாள் பக்கத்தில் இருந்தாள். இருந்தவள் சும்மா இருந்தாளா? எனக்கு நினைவு தப்பிக் கிடந்த ஒரு மத்தியானம் குலசாமியிடம், "எம் மக உசிரக் குடு, அவ தலமுடி அம்புட்டையும் ஒனக்குத் தாரேன்" என்று சொல்லிவிட்டாள். நான் பிழைத்துக்கொண்டேன். முடி சாமியுடையதாகிவிட்டது.

இந்த இடத்தில் வெட்கத்தை விட்டு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் முடி மேல் எனக்கு அவ்வளவு கர்வம். காய்ச்சலுக்கு முன்னால் பின்னலின் மேலேயே உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அழகு என்று சொல்ல வேறு ஒன்றும் கிடையாது, அது ஒன்றுதான். அந்த இருபத்திரண்டு வயதில், மொட்டைத் தலையோடு கரும்பலகை முன்னால் நிற்பதை நினைத்தால் பிழைத்ததே தப்போ என்றிருந்தது. போதாததற்கு, காய்ச்சலுக்குப் பிறகு முடி ஒடிய ஆரம்பித்தது. வேரோடு உதிர்ந்தால்கூட மனசு ஆறும். இது பாதியில் ஒடிந்தது. சீப்பை வைத்தால் துண்டு துண்டாக மடியில் விழுந்தது.

அழுது பார்த்தேன். ஆத்தா கடைசியில் ஒரு தவணை கொடுத்தாள். அடுத்த மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போவோம். அதற்குள் ஒடிவது நின்றுவிட்டால் சாமியிடம் வேறு ஏதாவது பேசிப் பார்க்கலாம். நிற்கவில்லை என்றால் மொட்டைதான், பேச்சே கிடையாது. இப்படிச் சொல்லிவிட்டு ஊருக்கு ரயில் ஏறினாள்.

உடம்பு தேற டானிக் வாங்கத்தான் டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் என் நாக்கைப் பார்க்கவில்லை, கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. பின்னல் நுனியைப் பார்த்தார். ஒரு முடி கேட்டார். கொடுத்தேன். நாலாவது டிராமிலேயே அறுந்துவிட்டது. இந்தத் தடவை கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை.  நேர்த்திக்கடன் கதை முழுவதையும் அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் கொட்டிவிட்டேன். அவர் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்கன காத்து வீசல டீச்சர், குடிக்குது. பக்கத்துலயே அம்புட்டுக் கடல் கெடக்கு, ஆனா உப்பு. அதான் கண்ணுல பட்ட ஈரத்தையெல்லாம் குடிச்சுக்கிட்டுப் போகுது. ஒங்க முடியில இருக்க தண்ணியவும் குடிக்குது. தெனம் குடிக்கிற காத்து இது. நாமளும் முடிக்குத் தெனம் தண்ணி காட்டணும்."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிக்குத் தண்ணீர் காட்டச் சொன்ன ஆளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதைச் சொன்னபோது வெளியே கடல் அப்படி மினுங்கிக்கொண்டிருந்தது. நம்பிவிட்டேன்.

அவர் முதலில் செய்தது தேங்காயெண்ணெயை நிறுத்தியது. பாம்பன் மணல் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு முடியை அராவுகிறதாம். சரி என்று வெறுந்தலையோடு பள்ளிக்கூடம் போனேன். எண்ணெய் காணாத தலை என்றால் ஊரில் என்ன அர்த்தம்? மூன்றாம் நாள் தெருவிலிருந்து நாலு பெண்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, பாவம், மனசைத் தேற்றிக்கொள்கிறாள் என்று அவர்களே அழுதார்கள்.

அடுத்து கற்றாழைச் சோறு. காய்ந்ததும் அது செதில் செதிலாக உரிந்து கரும்பலகையை அழிக்கும்போதெல்லாம் தோளில் கொட்டியது. பிறகு பிசின் கரைசல். அன்று காலை எந்தப் பக்கம் காற்று அடித்ததோ அந்தப் பக்கமே என் முடி சாயங்காலம் வரை நின்றது. பிறகு தேங்காய்ப் பால். அதைத் தடவிக்கொண்டு போன நாளில், டீச்சர் மேல் ஆப்ப வாசம் அடிக்கிறது என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்பது மணிக்கே பசி வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு முடி வாங்கித் தட்டைத் தொங்கவிட்டார். நாலரை டிராம், ஐந்து டிராம். பித்தளைத் தட்டு விழுகிற சத்தம் எனக்குக் கனவிலும் கேட்டது.

கடைசியில் ஆடி மாதம் ஒரு சேர்மானத்தைப் பிடித்தார். வடிகட்டிய கற்றாழைச் சாறு, பன்னீர், கொஞ்சம் கிளிசரின், பேருக்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். குளித்துத் தலையில் ஈரம் சொட்டுவது நின்றதும் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு பாதி முடியிலிருந்து நுனிவரை தடவி, அலசாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். தினமும் இதைச் செய்ய வேண்டும். ஒரு நாள் தவறினாலும் காற்று கண்டுபிடித்துவிடும் என்று எச்சரித்தார்.

மருந்து சரி, பாட்டிலில்தான் வந்தது வினை. கம்பவுண்டர்கள் மிக்சர் பாட்டிலின் பக்கத்தில் பல்பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டித் தருவார்களே, ஒரு பல்லுக்கு ஒரு வேளை என்று. முடித் தைலத்துக்கும் அதையே ஒட்டினார். முடிக்கும் வேளை உண்டு என்பது அவர் கட்சி. லேபிளும் ஒரே லேபிள்தான், நன்றாகக் குலுக்கி வேளைக்கு ஓர் அளவு. ஒருநாள் இருமல் மருந்து வாங்கப்போன மரைக்காயரிடமே என் பாட்டிலையும் கொடுத்தனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டும் இடம் மாறிவிட்டன.

நான் மூன்று நாள் இருமல் மருந்தைத் தலையில் தடவிக்கொண்டேன். புதுச் சேர்மானம் போலிருக்கிறது என்று நம்பினேன். பாகு மாதிரி பிசுக்கென்று இருந்தது. வகுப்பில் ஈ என்னைச் சுற்றி வந்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பதாம் வாய்ப்பாடு நடத்தினேன். நாலாம் நாள் மரைக்காயர் என்னைக் கூப்பிட்டு நம் கம்பவுண்டரைப் புகழ ஆரம்பித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், என்ன மருந்து டீச்சரம்மா! நெஞ்சுக்குள்ள பன்னீர் தெளிச்ச மாதிரி இருக்கு. இருமல் போன எடம் தெரியல."

பாட்டிலைப் பார்த்தேன். தலையில் கை வைத்தேன், பிசுக்கென்று ஒட்டிக்கொண்டது. டிஸ்பென்சரிக்கு ஓடினேன். வேறு ஆளாக இருந்தால் பயந்து செத்திருப்பார். இவர் நேராக மரைக்காயர் வீட்டுக்கு வந்து, தாடியிலிருந்து ஒரு முடி கொடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். பத்தொன்பது டிராம். சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அதன் பிறகு பாட்டிலில் என் பின்னலைப் படமாகவே வரைந்து தந்தார். அது பார்க்கப் பாம்பு போல இருந்ததால் வேறு யாரும் தொடவில்லை.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. தினமும் பள்ளி விட்டுப் போகும்போது, அன்று சீப்பில் ஒடிந்து வந்த முடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பவுடர் மருந்து மடிக்கிற வெள்ளைத் தாளில் அதை வைத்து, மூலை பிசகாமல் பொட்டலம் மடித்து, மேலே தேதி போட்டு டிராயரில் வைப்பார். எடை போடத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசியில் பொட்டலம் மெலிந்தது. மார்கழியில் முடி ஒன்பது டிராம் தாங்கியது. தையில் ஒருநாள் சீப்பில் ஒன்றுமே வரவில்லை. வெறுங்கையோடு போய் நின்றேன். அவர் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வழக்கம்போலத் தாளை எடுத்து, உள்ளே ஒன்றும் வைக்காமல் அழகாக மடித்துத் தேதி போட்டார்.

மாசி பிறந்ததும் ஆத்தா வந்து இறங்கினாள். தெருவில் கால் வைத்த உடனே யாரோ புண்ணியவதி காதில் போட்டுவிட்டாள், உன் மகள் முடியைக் கம்பவுண்டர் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார் என்று. உதிர்ந்த முடியை ஒரு அந்நிய ஆண் சேர்த்து வைக்கிறான் என்றால் எங்கள் பக்கத்தில் அது செய்வினைக்குத்தான். ஆத்தா என் வாசலுக்குக்கூட வரவில்லை. நேராக டிஸ்பென்சரிக்குப் போய்விட்டாள். விஷயம் தெரிந்து நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, "எம் மக முடிய என்னத்துக்குச் சேத்து வச்சிருக்கீக?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. அவள் கத்தாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

கம்பவுண்டருக்கு அந்தக் கோபம் எட்டியதாகவே தெரியவில்லை. ஊரிலிருந்து பார்க்க வந்த விருந்தாளிக்குக் காட்டுகிற மாதிரி டிராயரை முழுக்க இழுத்து மேசையில் வைத்தார். மாதவாரியாக அடுக்கிய பொட்டலங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்தார். இது வைகாசி என்றார், கொத்தாக இருந்தது. இது ஆடி, காற்று அதிகம் என்றார். ஆத்தா குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். வைகாசிப் பொட்டலத்தைப் பார்த்தபோது அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கடைசிப் பொட்டலத்தை அவளே எடுத்துப் பிரித்தாள்.

"இதுல ஒண்ணுமில்லையே?"

"அன்னைக்கு ஒண்ணும் ஒடியல ஆத்தா."

"பெறகு என்னத்துக்கு மடிச்சீக?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வைகாசி, ஆனி, ஆடிப் பொட்டலங்களை ஆத்தா பக்கம் தள்ளினார்.

"சாமி கேட்ட முடி இதுதான் ஆத்தா. காய்ச்சல் பட்ட முடி. சாமியே தெனமும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டேதான் இருந்துச்சு, நான் சேத்து மட்டும் வச்சேன். இப்பத் தலையில இருக்கது சாமி பிள்ளைக்குன்னு விட்டுட்டுப் போனது."

இதைத் தொடக்கத்திலேயே திட்டமிட்டுத்தான் பொட்டலம் மடித்தாரா, அந்த நிமிஷம் தோன்றியதா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆத்தா காய்ச்சல்காரர்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வந்து என் பின்னலைக் கையில் எடுத்து, நுனிவரை உருவிப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ஒன்றும் ஒடிந்திருக்கவில்லை.

"தம்பி, மஞ்சத்துணி இருக்கா?" என்றாள்.

டிஸ்பென்சரியில் மஞ்சள் துணிக்கு எங்கே போவது? புண்ணுக்குப் போடுகிற மஞ்சள் மருந்தில் ஒரு பேண்டேஜ் துணியை நனைத்து, காற்றில் பிடித்து உலர்த்திக் கொடுத்தார். ஆத்தா அதில்தான் முடியையெல்லாம் முடிந்துகொண்டாள். சிவராத்திரிக்குக் கோயிலில் பூசாரி அதை மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டு, மொட்டைக்குப் பதிலாக என் பின்னல் நுனியில் மூன்று கத்திரி பூமுடியும் எடுத்தார். ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறதே என்று மட்டும் கேட்டார்.

அந்த வருஷம் பள்ளி திறக்கும்போது எனக்குப் பரமக்குடிக்கு மாற்றலாகிவிட்டது. ஸ்டேஷனுக்குக் கம்பவுண்டர் வந்திருந்தார், பாம்பு படம் போட்ட பாட்டில் ஒன்றோடு. கூடவே திரும்ப மடித்த தை மாத வெறும் பொட்டலம். ரயில் ஊதியது. ஜன்னலோரம் வந்து நின்று, "டீச்சர், ஒங்க முடி" என்று ஆரம்பித்தார். அதற்குள் வண்டி நகர்ந்து பாலத்தில் ஏறிவிட்டது.

சத்தம் ஓய்ந்த பிறகு அங்கே நின்று மீதியைச் சொல்லியிருப்பார், அவர் வழக்கம் அதுதானே. நான் அப்போது மண்டபம் போய்ச் சேர்ந்திருந்தேன். இப்போது என் தலை முழுக்க வெள்ளை. அந்தப் பொட்டலத்தை நான் பிரித்ததே இல்லை. தலைவாரும்போது சீப்பில் ஒன்றும் வராத நாட்களில் மட்டும், அந்த மீதியைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.