மோட்டார் அறைச் சாவி

தலையில் ஷாம்பு நுரை பொங்கி நிற்கும்போது குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. தர்ஷிகா கண்ணை மூடியபடியே அதைத் திருகினாள், தட்டினாள், கடைசியில் கெஞ்சியும் பார்த்தாள். கண்டிப் பக்கத்து அம்பிட்டிய மேட்டிலிருக்கும் அந்த வீட்டின் மாடிக்கு ஏறுவதென்றால் தண்ணீருக்கும் மூச்சு வாங்கும்போலிருந்தது.

வேறு நாளாக இருந்தால் துண்டால் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடியிருப்பாள். ஆனால் முந்தின நாள்தான் கெம்பஸில் ஒரு கூட்டம் நடந்தது. வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவர்களின் உரிமைகள் பற்றி ஒரு வழக்கறிஞர் அம்மா பேசினார். தண்ணீர் கேட்பது பிச்சை கேட்பதல்ல, வாடகை கொடுக்கிறவர் வாயைத் திறந்து கேட்கவேண்டும் என்று அவர் சொன்னபோது முதலில் கைதட்டியது தர்ஷிகாதான்.

அவளுக்கு இது கடைசி வருடம். பரீட்சை நெருங்கிவிட்டது. போன வருடம் கோட்டைவிட்ட பாடத்தையும் சேர்த்து எழுதவேண்டும். ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவளுடைய அம்மா, மகள் பட்டம் வாங்கிக்கொண்டு வருகிறாள் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். படித்தோம், பாஸானோம், இந்த வீட்டைவிட்டு வெளியேறினோம் என்றிருக்க வேண்டும். அதற்குமேல் அவளுக்கு ஓர் ஆசையும் இல்லை.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள்.

கீழ்வீட்டில் இருக்கும் றலியா ஆன்டி சண்டைக்காரி இல்லை. அதுதான் சங்கடமே. சண்டை பிடிக்கிற வீட்டுக்காரியோடு திருப்பிச் சண்டை பிடிக்கலாம். றலியா ஆன்டியோ கதிரையை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார், இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார், பக்கத்தில் தொதல் இனிப்பு வைத்தார், தர்ஷிகா சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"நீங்க கேக்கிறது ஞாயம் மகள். தண்ணி உங்கட உரிமைதானே. நான் கேட்டுப் பாக்கிறேன்," என்றார்.

யாரிடம் கேட்கப் போகிறார் என்று தர்ஷிகாவுக்குப் புரியவில்லை. இறைவனிடம் கேட்பாராக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"விடியக் காலைல மோட்டரப் போட்டாத்தான் தண்ணி மேல ஏறும். எனக்கு இந்த முழங்கால வச்சிக்கொண்டு ஏலாது மகள், நான் மாடிக்கு ஏறியே எத்தனையோ வருசம் ஈக்கும். நீங்க கெட்டிக்காரப் பிள்ள. இதக் கொஞ்சம் வச்சிக்கோங்கொ."

திரும்பி மேலே வந்தபோது உரிமைக்குப் பதிலாக அவள் கையில் மோட்டார் அறையின் சாவி இருந்தது. தலையில் நுரை காய்ந்து மொறமொறவென்று ஒட்டியிருந்தது.

அன்றிலிருந்து விடியலில் எழுந்து பின்மேட்டுக்கு ஏறி மோட்டார் போடுவது அவள் பாடாயிற்று. படிப்பதற்கென்று வைத்திருந்த நேரமெல்லாம் தண்ணீர்த் தாங்கி நிரம்புகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதில் போனது. ஒருநாள் புத்தகத்தை மடியில் வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டாள். தாங்கி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டு முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகாய் முழுவதும் மிதந்தது. அந்த வீட்டம்மா மதிலுக்கு மேலால் எட்டி நின்று சிங்களத்தில் பேசியது எல்லாமே தர்ஷிகாவுக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தாங்கி நிரம்பியதும் தானாகவே மோட்டார் நிற்கிற மாதிரிச் செய்துதரச் சொல்லிக் கேட்க மறுபடியும் கீழே இறங்கினாள். இந்த முறை வட்டிலப்பம் கிடைத்தது.

றலியா ஆன்டி அதற்கும் உடனே சம்மதித்தார். இந்த வீட்டுக் குழாய்களை ஆதியிலிருந்து பார்க்கிற மேஸ்திரி அரூஸ் பாஸ்தானாம். ஆனால் தான் கூப்பிட்டால் அந்த மனிதர் அசையமாட்டார், படித்த பிள்ளை பேசினால் மரியாதைக்காவது வருவார் என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார். தர்ஷிகா பேசினாள்.

அதோடு பிடித்தது வினை. அரூஸ் பாஸ் விரிவுரை நடுவில் போனில் கோல் எடுத்து, வருகிறேன் என்றார். அடுத்த விரிவுரையில் கோல் எடுத்து, வரமுடியவில்லை என்றார். வருகிற அன்றைக்கு வீட்டில் ஆள் நிற்கவேண்டுமே என்று அவள் வகுப்பை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். கடைசியில் வந்தவர் பிரதான குழாயைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, சாமான் வாங்கிவரக் கண்டி டவுனுக்குப் போனார். அவர் போனது போனதுதான். கழற்றிய குழாயைத் தர்ஷிகா சைக்கிள் டியூப்பால் வரிந்து கட்டினாள்.

இப்போது மாடியில் யாருக்குத் தண்ணீர் நின்றாலும் அவளுடைய கதவைத்தான் தட்டினார்கள். அறைத்தோழி வாகினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மனதில் பட்டதை மூடிவைக்கத் தெரியாதவள். அவளும் அந்தக் கூட்டத்துக்கு வந்து கைதட்டியவள்தான்.

"சாவி உன்னட்டைத்தானே இருக்கு. பிறகு நாங்கள் ஆரட்டைப் போய்க் கேக்கிறது?" என்றாள்.

"நானும் ஒன்ன மாதிரி வாடகைக்கு இருக்கிறவதானே."

"ஓம், அது சரி. ஆனா தண்ணி வரேல்லையே."

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுவேலை பார்ப்பது என்று தர்ஷிகா தீர்மானித்தாள். இனி எந்தப் பலகாரத்துக்கும் மயங்குவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே பலகாரம் இல்லை. றலியா ஆன்டி பயணப் பையோடு நின்றார். அலவத்துகொடையில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டதாம், வீட்டை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று கலங்கிக்கொண்டிருந்தாராம். தர்ஷிகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஆண்டவன்தான் உன்னை அனுப்பினான் என்று அழுதார். அழுகிற ஒரு தாயிடம் உரிமையை எப்படிப் பேசுவது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. ஆட்டோ வளைவில் மறைந்தபோது தர்ஷிகாவின் கையில் முழுச் சாவிக்கொத்தும் இருந்தது. புதிதாக வரப்போகும் முதலாம் வருடப் பிள்ளைக்கு அறையைக் காட்டும் பொறுப்பும் சேர்ந்திருந்தது.

அன்று அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். துக்கம் என்று சொல்லமுடியாது, அலுப்புத்தான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வெளி விடுதிகளைக் கவனிக்கும் கெம்பஸ் அலுவலகத்துக்குக் கோல் எடுத்தாள். பெயரைச் சொல்லவில்லை. இந்த வீட்டுக்குப் பொறுப்பானவர் எதையுமே கவனிப்பதில்லை, பிள்ளைகளின் படிப்பு நாசமாகிறது, யாராவது நேரில் வந்து அந்த மனுசியைக் கேளுங்கள் என்று விம்மி விம்மிச் சொன்னாள்.

அதிசயமாக, மறுநாளே ஆள் வந்துவிட்டது. தியாகராஜா என்ற அந்த அதிகாரி மேடேறிய களைப்பில் வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டார். வீட்டுக்கு யார் பொறுப்பு என்று அவர் கேட்டதும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். தர்ஷிகாவும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஒரு புள்ள போன்ல அழுவுதுங்க. பரீட்சை நேரம். நீங்களும் படிச்சவங்களாத்தான் தெரியுறீங்க, கொஞ்சம் மனசாட்சியோட நடந்துக்கக் கூடாதா?"

தான் சொன்னது முழுவதையும் தர்ஷிகா இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளையே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். கையில் சாவிக்கொத்தோடு நிற்கிறவள் சொன்னால் யார் நம்புவது? சொல்லத் தெம்பும் இல்லை. இனிமேல் கவனமாக இருக்கிறேன் சார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் ஒருவர் தட்டிக்கேட்டுவிட்டாரே என்று வாகினிக்குக்கூட ஒரு திருப்தி.

அதற்குப்பிறகு அவள் கீழ்வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். மோட்டாருக்கும் வாசல் கேட்டுக்கும் ஓட அதுதான் வசதியாக இருந்தது. ஏறி இறங்கி முழங்காலும் லேசாக வலிக்கத் தொடங்கியிருந்தது.

பரீட்சைக்கு முந்திய வாரம் அரூஸ் பாஸ் ஒருவழியாகச் சாமானோடு வந்துசேர்ந்தார். அவர் பின்மேட்டில் எதையோ தட்டிக்கொண்டிருக்க, தர்ஷிகா கீழே புத்தகத்தை விரித்தாள். கதவு தட்டப்பட்டது. புதிதாக வந்திருந்த மின்ஹா நின்றாள். தலையில் துண்டு. நெற்றியில் ஷாம்பு நுரை.

"அக்கா, தண்ணி நின்டுட்டு. கேக்கிறது எங்கட உரிமைன்டு கெம்பஸ்ல சொன்னாங்க."

தர்ஷிகா தனக்குக் கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டாள், தேத்தண்ணி ஊற்றினாள், ஆன்டி விட்டுப்போன தொதலில் மிச்சமிருந்ததை வைத்தாள். நீ கேட்பது நியாயம்தான் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவளுடைய விரல்கள் சாவிக்கொத்திலிருந்து மோட்டார் அறைச் சாவியைத் தனியாகக் கழற்றிக்கொண்டிருந்தன.

வாசலில் கையைத் துடைத்தபடி நின்ற அரூஸ் பாஸ் சிரித்தார். தர்ஷிகாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பரீட்சை முடியுற மட்டுந்தான் பாஸ். ஆன்டி வந்ததும் எல்லாத்தையும் அவங்க கையில குடுத்துட்டு நான் போயிருவேன். அவங்க வீடு, அவங்க பாத்துக்கட்டும்."

"றலியா ராத்தாட வீடா?" என்றார் அரூஸ் பாஸ். "வீட்டுச் சொந்தக்காரர் லண்டன்ல ஈக்கிறார் மகள். ராத்தாவும் ஒங்கள மாதிரி படிக்க வந்து மாடில இருந்த பிள்ளதான். தண்ணி வரல்லண்டு சொல்லக் கீழ எறங்கினவ, இன்னும் மேல ஏறல்ல."