செர்ரித் தோட்டத்துப் பீரங்கி

அன்பும் மரியாதையும் நிறைந்த நோலீன் அக்காவுக்குத் தம்பி லிண்டன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் சௌக்கியம். உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா, தயவுசெய்து ஹோபார்ட்டிலிருந்து பஸ் ஏறாதே. எத்தனை வருஷம் கூப்பிட்டும் வராதவள், இந்த வருஷம்தான் எங்கள் பள்ளத்தாக்கு சிம்பொனிக் குழுவின் இந்தப் பருவத்து முதல் கச்சேரிக்கு, நான் பெரிய டிரம் அடிப்பதைப் பார்க்க வருவதாகச் சொன்னாய். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஆனால் நான் குழுவை விட்டு விலகிவிட்டேன். டிரம்மைக் கோழிக்கூண்டில் போட்டாயிற்று.

எல்லாம் அந்தப் பீரங்கியால் வந்த வினை. முதல் கச்சேரியின் கடைசி உருப்படியில் பீரங்கி வெடிக்க வேண்டும் என்று அதை இயற்றிய புண்ணியவான் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். போன தடவை கசாப்புக்கடை டாரில் காகிதப் பைகளை ஊதி உடைத்தான், பாதிப் பைகள் வெடிக்கவில்லை. "இந்த வருஷம் நிஜமான சத்தம் வேணும்"னு எங்கள் இசை நடத்துனர் க்வெண்டா அம்மா சொன்னதும், எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. செர்ரித் தோட்டத்தில் பறவை விரட்டுவதற்கு கேஸில் வெடிக்கிற துப்பாக்கி வைத்திருக்கிறேனே, அதைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று சாயங்காலம், வரப்போகிற கச்சேரிகளிலிருந்து ஒவ்வொரு துண்டாக வாசித்துக் காட்டி ஊர்க்காரர்களைச் சீட்டு வாங்கவைக்கும் கூட்டம். துப்பாக்கியை மண்டபத்துச் சமையற்கட்டு வாசலில் வைத்தேன். அதைத் தானாக வெடிக்கும் நிலையிலிருந்து மாற்ற மறந்துபோச்சு அக்கா! ஒரே சீராக வெடித்தால் பறவைகளுக்குப் பழகிவிடும் என்று, எப்போது வெடிக்கும் என்றே தெரியாதபடி செய்திருக்கிறான் அதைத் தயாரித்த பாவி. புல்லாங்குழல் தனியாக, தூங்கும் குழந்தைக்குப் பாடுகிற மாதிரி வாசிக்கும்போது, டமார்! மேயர் கையிலிருந்த லாமிங்டன் கேக் அவர் மனைவியின் மடியில். பைன் மரத்துக் காக்கட்டூ கிளிக் கூட்டம் மொத்தமும் எழும்பி, சுதியே இல்லாமல் கத்த ஆரம்பித்தது. க்வெண்டா அம்மா குச்சியை என் பக்கம் நீட்டினார். "லிண்டன், அதை நீ அடக்குறியா, இல்ல உன்னை நான் அடக்கட்டுமா?"

ஓடினேன். செல்லோ பெட்டி தடுக்கி விழுந்தேன். எழுந்தேன், மறுபடியும் டமார்! அதுக்கப்புறம் வயலின்காரங்க எல்லாம் ஒரு கண்ணால தாளைப் பாத்து, ஒரு கண்ணால வாசலைப் பாத்துதான் வாசிச்சாங்க. டாரில் தன் எக்காளத்தை ஊதுறதை விட்டுட்டு, "ஏம்ப்பா, உன் செர்ரியை நாங்களா திங்கிறோம்?"னு கேக்குறான். ஒரு வழியா அதைக் கையால் வெடிக்கிற நிலைக்கு மாத்திட்டேன். கடைசி உருப்படி வந்தது. பீரங்கி வெடிக்கவேண்டிய இடமும் வந்தது. கயிற்றை இழுத்தேன். புஸ்! கேஸ் தீர்ந்துபோச்சு. வாத்தியமெல்லாம் நின்னு, ஊரே என்னைப் பாக்குது. என்ன செய்யட்டும் சொல்லு? வாயைத் திறந்து அடிவயித்துல இருந்து "டமார்!"னு கத்தினேன்.

மண்டபம் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கு. கட்டினவள் மார்லின் கண்ணை மூடினபிறகு, செவ்வாய்க்கிழமை ஒத்திகையில்தான் எனக்காக ஒரு நாற்காலி காத்திருந்தது. அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். அழுகையா வருது அக்கா. இனி அந்த மண்டபத்து வாசற்படியை மிதிக்கமாட்டேன். இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் எல்லோரையும், குறிப்பாகக் காதுகளை, காப்பாராக.

உன் அன்புத் தம்பி,
லிண்டன்

பின்குறிப்பு: தபாலில் போடப் போகும்போது க்வெண்டா அம்மா வந்தார். முதல் கச்சேரிச் சீட்டு எல்லாம் விற்றுப்போச்சாம். "துப்பாக்கியைத் தோட்டத்துலயே வை. எல்லாரும் உன் வாயைத்தான் கேக்குறாங்க"ன்னுட்டார். டிரம்மில் கோழி அடைகாக்குது, அது இருந்துட்டுப் போகட்டும். முன்வரிசையில் உனக்கு இடம் பிடிச்சாச்சு. பஸ் ஏறிடு அக்கா. வரும்போது தொண்டை மாத்திரை வாங்கிட்டு வா. ஒத்திகை பாத்ததுல குரலே போச்சு.