பலிபீடத்து உப்பும் பாப்பிலோமா வைரஸும்

என் முதல் காதல் ஒரு வைரஸ் மேல். கல்யாணத்துக்கு முன்பே கணவரிடம் இதை ஒப்புக்கொண்டுவிட்டேன். (வேறு ஏதோ பெயரை எதிர்பார்த்திருந்த மனுஷன் நிம்மதியாக மூச்சு விட்டார்.)

எண்பதுகளின் கடைசியில் நுண்ணுயிரியல் படித்து முடித்து, மலேசியாவில் எங்கள் ஊரான ஈப்போவுக்குத் திரும்பியிருந்தேன். வேலை கிடைக்கவில்லை, தலைக்கனத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. பாப்பிலோமா வைரஸைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். கையில் மரு வருவது அந்தக் குடும்பத்தால்தான். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருவதும் அதே குடும்பத்தின் வேறு சில பிள்ளைகளால்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் அப்போது சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அந்த வைரஸின் சொத்து ஏழெட்டுப் புரதங்கள்தான். அதை வைத்துக்கொண்டு அது நடத்தும் குடித்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கும்.

பக்கத்து வீட்டு கமலா மிஸ்ஸி அரசாங்கத் தாதி. (எங்கள் ஊரில் தாதியர் எல்லோரும் மிஸ்ஸிதான்.) தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்வார். சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டு முறை போயும் வெட்கத்தில் ஒருத்தியும் வரவில்லை. மூன்றாவது முறையும் வராவிட்டால் வண்டி இனி அந்தப் பக்கம் போகாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அங்கே பால் வெட்டும் அஞ்சலை அக்காவுக்கு நாள் கணக்கில்லாமல் இரத்தம் படுவதாகக் கேள்வி. அவராவது வரவேண்டுமே என்பதுதான் மிஸ்ஸியின் கவலை. அதற்காகத்தான் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

"ரெண்டே வார்த்தை பேசு. வலிக்காது, அஞ்சு நிமிஷம்தான்னு சொல்லு. போதும் லா," என்றார்.

நான் நாற்பது நிமிடப் பேச்சு தயாரித்து வைத்திருந்தேன்.

தோலின் அடுக்குகளைக் காட்ட, அடுக்கடுக்காக அவித்த குவே லாப்பிஸ் பலகாரம் வாங்கியிருந்தேன். புரதங்களுக்கு உப்பும் மிளகும் என்று திட்டம். தோட்டத்து மண்டபத்தில் இறங்கிய பிறகுதான் அவை இரண்டும் வீட்டுச் சமையலறையிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் மாரியம்மன் கோயில். பலிபீடத்தின் மேல் காகிதப் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தால் உப்பும் மிளகும். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். கர்த்தரே அனுப்பிவைத்தார் என்று இரண்டு பொட்டலங்களை எடுத்துக்கொண்டேன்.

பேச்சு மட்டும்தானே என்று முப்பது பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலங்களை அவர்களிடம் கொடுத்து, ஆளுக்கொரு சிட்டிகை எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுங்கள் என்றேன். பிறகு பலகாரத்தை வெட்டி அடி அடுக்கைக் காட்டினேன். சின்னக் கீறல் வழியாக வைரஸ் இந்த அடுக்கு வரை இறங்கிவிடும். உப்புதான் இ1, இ2 என்ற புரதங்கள். வைரஸைப் பிரதி எடுக்கிறவை. மிளகு இ6, இ7. செல் அளவுக்கு மீறிப் பெருகாமல் பிடிக்கும் பிரேக்கை இவை இரண்டும் பிடுங்கிவிடும். (எந்தப் பிரேக், எப்படி என்பது எனக்கே அன்று முழுதாகத் தெரியாது. பேச்சில் அது தெரியவில்லை.) மேல் அடுக்குக்கு வந்த பிறகுதான் எல்1, எல்2 என்ற புரதங்கள் வைரஸுக்குச் சட்டை மாட்டிவிடும். அப்புறம் உதிரும் தோலோடு சத்தமில்லாமல் அடுத்த ஆளைத் தேடிக் கிளம்பிவிடும். மருவுக்கும் புற்றுநோய்க்கும் இதே குடும்பம்தான் என்று முடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

பின்வரிசையில் அஞ்சலை அக்கா எழுந்தார்.

"இந்தப் பொட்டலம் எங்கேருந்து எடுத்தே புள்ள?"

"கோயில்லேருந்துக்கா."

"அது நான் வெச்சது," என்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரலெல்லாம் மரு.

மரு வந்தவர்கள் அம்மனுக்கு உப்பும் மிளகும் வேண்டிக்கொண்டு வைப்பார்கள். உப்பு கரையக் கரைய மருவும் கரையும். அதை வேறு யாராவது எடுத்தால் மரு அவர்கள் கைக்குப் போய்விடும். பட்டணத்தில் வளர்ந்த சர்ச்சுக்காரிக்கு இது தெரியவில்லை. மண்டபத்தில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோர் கையிலும் உப்பு இருந்தது. மரு எந்தக் குடும்பம் என்று வேறு நான் அப்போதுதான் விளக்கியிருந்தேன்.

ஒரே நிமிடத்தில் மண்டபம் காலி. அத்தனை பேரும் குழாயடியில் சோப்புக்குச் சண்டை போட்டார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பத் தயாரானார். மிஸ்ஸி பரிசோதனைக்கு ஒதுக்கியிருந்த பக்கத்து அறையைச் சாத்திவிட்டு வந்தார்.

அஞ்சலை அக்கா மட்டும் திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மொதல்ல எடுத்தது நீதானே. என் பீடை உனக்கு வந்துருச்சு. நான் என்ன செஞ்சா உனக்குச் சரியாவும்?"

நான் இ1-இலிருந்து விளக்க வாயைத் திறந்தேன். மிஸ்ஸி என் காலை மிதித்தார்.

"நீ உள்ள வந்து படு அஞ்சலை. உனக்கு என்னன்னு பார்த்தாத்தான் இவளுக்கு வைத்தியம் பண்ண முடியும்."

சுத்தப் பொய். அக்கா மறுபேச்சில்லாமல் உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, வலியெல்லாம் இல்லை, வாங்கடி என்று குழாயடியைப் பார்த்துக் கூப்பிட்டார். ஈரக் கையோடு அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். என் நாற்பது நிமிட உண்மைகளால் முடியாததை மிஸ்ஸியின் ஒரு பொய் முடித்துவிட்டது. அதுவரை இ6, இ7 மேல் மட்டுமே வைத்திருந்த பிரமிப்பில் பாதியை அன்றே அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்காவின் பரிசோதனை முடிவு நல்லபடியாக இல்லை. ஆனால் ஆரம்ப நிலை. ஈப்போவில் அறுவை சிகிச்சை நடந்து பிழைத்துக்கொண்டார். கையிலிருந்த மருவும் அந்த வருடமே உதிர்ந்துவிட்டது. சில மாதம் கழித்து என் வலது ஆள்காட்டி விரலில் ஒரு மரு முளைத்தது. (எங்கேயோ ஒட்டிக்கொண்டது, தற்செயல்தான் என்று அம்மாவிடம் மணிக்கணக்காக வாதாடினேன். அம்மா சிரித்ததோடு சரி.)

இன்றும் எங்கள் வீட்டில் யார் தும்மினாலும், "யாரு உப்பு பொட்டலத்தை எடுத்தது?" என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். அஞ்சலை அக்கா எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் விட்டதில்லை. வந்தவுடன் என் விரலைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களிடம், "என் நோவ வாங்கிக்கிட்ட புள்ள இது," என்பார். வைரஸ் பாடம் நடத்தியே நான் ரிட்டையர் ஆனவள். மாணவர்களின் எத்தனையோ தவறுகளைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். இந்த வாக்கியத்தைத் திருத்த மட்டும் எனக்கு இதுவரை மனம் வரவில்லை.