குடா தாங்கும்

ஒரு குடாக்கடல் எத்தனை மீனைத் தாங்கும் என்று தீர்மானிக்கும் மகத்தான பொறுப்பு, கடலிலிருந்து பல நூறு கிலோமீற்றர் தள்ளி, மொன்றியலின் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கடற்பண்ணைத் திட்டமிடல் செயலகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 2006இல் அங்கே வேலை செய்த பதினொரு பேரில் கடலில் கால் நனைத்தவர் அம்புறோஸ் ஒருவர்தான். மன்னாரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்து, மொன்றியலில் ஆறு வருடம் கோழி வெட்டியபின் கிடைத்த உத்தியோகம். அதுவும் தற்காலிகம்.

அவருடைய வேலை சேறு பார்ப்பது. கிழக்கே லூனெற் குடாவில் வலைக் கூடுகளுக்குள் சல்மன் மீன் வளர்த்தார்கள். மீன் தின்று மிஞ்சியதும் தின்று கழித்ததும் அடியில் போய்ப் படியும். அந்த அடிச்சேறு மாதம் ஒருமுறை போத்தலில் வரும். குடா பன்னிரண்டு கூடுகளைத் தாங்கும் என்று நிபுணர் குழு ஒன்று மூன்று வருடம் கூடிக் கதைத்து எல்லை வகுத்திருந்தது. குடாவில் இருந்தவை பத்தொன்பது.

யூன் மாதப் போத்தலைத் திறந்ததும் கூழ்முட்டை நாற்றம் மாடிப்படி வழியே இறங்கிச் சப்பாத்துக் கடைவரை போனது. சேறு மை மாதிரிக் கறுப்பு. ஒரு புழுகூட உயிரோடில்லை. ‘எல்லை மீறப்பட்டுள்ளது, ஏழு கூடுகளை அகற்றவும்’ என்று எழுதி இயக்குநர் மதாம் அக்னெஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் அம்புறோஸ்.

மதாம் இரண்டு தரம் வாசித்தார். “மிஸ்யூ அம்புறோஸ், ‘மீறல்’ என்ற சொல் எங்கள் சொற்கோவையில் இல்லை.”

“அப்ப என்ன சொல் மதாம்?”

“‘எல்லையோடு உயிர்ப்புள்ள உறவு’ என்று எழுதுங்கள்.”

“அடியில ஒண்டுமே உயிரோட இல்லை மதாம்.”

“சொல்லிலாவது இருக்கட்டுமே.”

விடயம் மேற்குழுவுக்குப் போனது. கூடுகள் அதிகம் என்று எடுத்த எடுப்பில் சொல்வது அவசர முடிவு, குடா போதாமல் இருப்பதுதான் அடிப்படைச் சிக்கல் என்று குழு கண்டறிந்தது. வரைபடம் கீறும் கிருபானந்தனுக்கு உத்தரவு வந்தது. அம்புறோஸ் எட்டிப் பார்த்தபோது அவர் கணினியில் குடாவின் வாயைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

“கிருபா, என்ன கீறுறீர்?”

“குடா, அண்ணை.”

“அது திறந்த கடலெல்லோ?”

“இண்டைக்குப் பின்னேரம் மட்டும்தான். அஞ்சு மணிக்குக் கையெழுத்து விழுந்திடும்.”

கையெழுத்து விழுந்தது. பழைய சூத்திரத்தைப் புதிய குடாவுக்குப் போட்டுப் பார்த்ததில், அது எண்பத்துநான்கு கூடுகளைத் தாங்கும் என்று வந்தது. இப்போது மீறல் எதுவும் இல்லை. அறுபத்தைந்து கூடுகள் பற்றாக்குறை. அதை உடனடியாக நிவர்த்தி செய்ய வேண்டியிருந்தது.

அதற்கு முன்னர் மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது சட்டம். கார் நிறுத்த நல்ல வசதி இருந்தபடியால் கூட்டம் புவாண்ட்-கிளேரிலேயே நடந்தது. குடாவிலிருந்து வந்தது ஒரே ஒரு ஆள், சிங்கிறால் பிடிக்கும் மனுசி. மூடிய வாளியோடு விடிய விடிய பஸ்ஸில் வந்திருந்தாள். வாளியை மேசையில் வைத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே கறுத்து நாறும் சேறு.

“இந்த வருசம் என் பொறிக்குள் வந்தது இவ்வளவும்தான்.”

குழு மூக்கைப் பொத்தியது. “உங்கள் கருத்து ஆழமாக உள்வாங்கப்பட்டது” என்று கைலேஞ்சிக்குள்ளிருந்து சொன்னார் மதாம்.

மனுசி மேசையைச் சுற்றிப் பார்த்தாள்; அவள் பார்வை அம்புறோஸில் வந்து நின்றது. “நீங்கள்தானே சேறு பார்க்கிறவர்? நீங்கள் சொல்லுங்கள்.”

செப்ரெம்பரில் வேலை நிரந்தரமாகும் என்று அன்று காலைதான் மதாம் சொல்லியிருந்தார். அம்புறோஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

“வாளியில் இருக்கிறதுதான் என் போத்தலிலும் இருக்கிறது. அந்தக் குடா செத்துப்போச்சு. வரைபடத்தைப் பெருப்பித்தால் அது உயிர்த்தெழாது.”

வேலை போய்விட்டது என்றே நினைத்தார். அப்போது ஒருவர் கைதட்டினார். மதாம் அக்னெஸ்.

“பார்த்தீர்களா, இங்கே கண்காணிப்பு எவ்வளவு சுதந்திரமாக நடக்கிறது!”

முழு மண்டபமும் தட்டியது. மனுசி வாளியை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அம்புறோஸ் அடுத்த வாரமே நிரந்தரமானார். பதவியின் பெயர் சுயாதீனக் கண்காணிப்பு அலுவலர். அவருடைய அறிக்கையில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் பச்சை அட்டை போட்டு வெளியிட்டார்கள். புதிய கூடுகள் இறங்கின. மீன் பொதிகளில் பச்சை ஒட்டுத்தாள் ஏறியது: ‘சுற்றுச்சூழல் எல்லைகள் சுயாதீனமாகக் கண்காணிக்கப்படுகின்றன.’ கீழே அவருடைய கையெழுத்து. அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. கண்காணித்ததில் என்ன தெரிந்தது என்று ஒட்டுத்தாள் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. அந்த வருடம் பச்சை ஒட்டுத்தாள் இல்லாத சாமானைத் தொடுவதே நாகரிகக் குறைவாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனைவி ஜென்சி பொதியோடு குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

“இஞ்சை பாருங்கோ, உங்கட கையெழுத்து! கோயில் சனம் முழுக்க இப்ப இதைத்தான் வாங்குது. நாளைக்குப் பூசை முடிய இருவது பேர் சாப்பிட வருகினம், உங்களைப் பாக்கவேணுமாம்.”

அம்புறோஸ் அவளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னார். கறுத்த சேறு, செத்த புழுக்கள், இழுத்துப் பெருப்பித்த குடா, அந்த மனுசியின் வாளி. ஜென்சி வாயில் கைவைத்துக் கேட்டாள். கண்கூடக் கலங்கியது.

“ஐயோ பாவம்,” என்றாள். பிறகு, “அப்ப நீங்கள் சாப்பிடமாட்டியளோ? பொரிச்சு வைச்சிட்டனே.”

அம்புறோஸ் மேசையிலிருந்த சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். மீன் ஓரம் முறுகி, மிளகாய்த்தூள் பிடித்து, சிவந்து கிடந்தது. ஒரு விள்ளல் வாயில் வைத்தார். கண்ணை மூடி மெதுவாக மென்றார்.

“ஜென்சி.”

“என்னப்பா?”

“இன்னொரு துண்டு வையும்.”