கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து

டாக்டர் சொன்னபடி மருந்து எடுத்துக்கொள்ளாதவர்களில் இரண்டு வகை உண்டு. மறந்துபோகிறவர்கள் முதல் வகை. அவர்கள் அப்பாவிகள், விட்டுவிடலாம். இரண்டாவது வகை மறக்கவே மறக்காது. வேளை தவறாமல், அக்கறையாக, நன்றாக யோசித்து, ஒவ்வொரு முறையும் வேறொரு அளவில் எடுத்துக்கொள்ளும். டாக்டர் எழுதிக் கொடுப்பது அவர்களைப் பொறுத்தவரை கடைக்காரர் முதலில் சொல்லும் விலை. அதற்கு மேல் நாம்தானே பேச வேண்டும்?

இந்த இனம் எல்லா ஊரிலும் இருக்கிறது. மண்ணூரில் சசிரேகா இருக்கிறாள்.

ஒரகடம் பக்கம் காருக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற கம்பெனியில் அவள் லைன் சூப்பர்வைசர். மெஷினின் சூட்டைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றிய ஆப்பரேட்டரை மேனேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவள். அதே சசிரேகா வீட்டில் இருமல் மருந்தில் வெந்நீர் கலப்பாள். கணவன் ராஜசேகர் கோபப்படாமல் இருக்கிற நாட்களில் அவனுடைய பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுக்க மாட்டாள். எதற்கு வீணாக?

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு மாதவிலக்கு தடுமாறத் தொடங்கியது. ஒரு மாதம் தேதிக்கு முன்னாலேயே வந்தது, அடுத்த மாதம் எட்டிப் பார்க்கவில்லை, மறுபடி வந்தபோது லைன் ஓரத்தில் ஸ்டூல் தேடி உட்காருகிற அளவுக்குப் போனது. ஸ்ரீபெரும்புதூரில் டாக்டர் மரகதத்திடம் போனாள். அவர் ஸ்கேன் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, இந்த வயதில் ஹார்மோன் குறைகிறது என்று சொல்லி, இயற்கை புரோஜெஸ்டிரோன் க்ரீம் எழுதிக் கொடுத்தார். மாதத்தின் பின்பாதியில் மட்டும், இரவில், ஒரு பட்டாணி அளவு, கையின் உட்புறம் தடவ வேண்டும். தேதி நெருங்கும்போது நிறுத்திவிட வேண்டும், நிறுத்தினால்தான் ஒழுங்காக வரும். மூன்று மாதம் பார்ப்போம், நடுவில் எதையும் மாற்ற வேண்டாம் என்றார்.

சசிரேகா சரிங்க மேடம் என்றாள். இந்த இனம் டாக்டரிடம் ஒருநாளும் எதிர்த்துப் பேசாது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் சந்தேகம் பட்டாணியில் வந்தது. காய்ந்த பட்டாணியா, ஊறின பட்டாணியா? ஊறியதுதான் என்று முடிவானது. நல்ல தூக்கம் வந்தது. இரவில் போட்டாலே இவ்வளவு நல்லது என்றால் காலையிலும் போட்டால்? போட்டாள். கம்பெனி பஸ்ஸில் தூங்கிப்போய், எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் ஜன்னலைத் தட்டி எழுப்பினார். அவள் தூக்கத்துக்கு முந்தின வார நைட் ஷிஃப்ட்டைக் குறை சொன்னாள்.

தேதி நெருங்கியது. நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை யாராவது நிறுத்துவார்களா? நிறுத்தவில்லை. மாதவிலக்கு வரவில்லை. கேன்டீனில் வேலை செய்கிற முனியம்மாள் அவள் காதோடு காதாக நல்ல சேதியா என்று கேட்டாள். மறுநாள் லைன் முழுக்க அவளைப் பார்த்துப் புன்னகைத்தது. சசிரேகா பயந்துபோய் ஒரே நாளில் க்ரீமை விட்டாள். வந்தது. கொட்டித் தீர்த்தது. மிரண்டு, அரைப் பட்டாணியை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாள். நடுநடுவே ரத்தம் பட்டது. முழுப் பட்டாணிக்குப் போனாள், பிறகு அரையும் முழுதும் கலந்து பார்த்தாள், அக்னி நட்சத்திரத்தைத் திட்டினாள், கேன்டீன் சாம்பாரைத் திட்டினாள், ராஜசேகரைத் திட்டினாள். க்ரீமே போலியாக இருக்கும் என்றுகூடச் சொன்னாள். தன் கையை மட்டும் அவள் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. க்ரீமை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் மேடம்."

பக்கத்தில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ராஜசேகர் வாயைத் திறந்தான். மேஜைக்கு அடியில் அவன் காலை ஒரு செருப்பு மிதித்தது. மூடிக்கொண்டான்.

டாக்டர் நம்பினார். நம்பியதால் கவலைப்பட்டார். சொன்ன அளவில் போட்டும் இப்படி ஆகிறது என்றால் காத்திருக்க முடியாது, மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், முடிவைப் பொறுத்துக் கர்ப்பப்பையையே எடுக்கவும் நேரலாம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே வெறும் வயிற்றோடு வந்து சேரச் சொன்னார்.

சசிரேகா கர்ப்பப்பையா, மானமா என்று யோசித்தாள். உடனே முடிவு செய்துவிடவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிகினேன்" என்றாள்.

"கொஞ்சம்னா?"

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் சொன்ன அளவை எந்த நாளாவது போட்டீங்களா?"

"மொதோ நாள் போட்டேன் மேடம்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மருந்து கேட்கவில்லையா, கேட்க நீங்கள் விடவில்லையா என்று எனக்கே தெரியாமல் கத்தியை எடுக்க இருந்தேன் என்றார். அன்றைக்கே மறுபடி ஸ்கேனும் ரத்தமும் பார்த்தார். ஸ்கேனில் கோளாறில்லை, ரத்தம்தான் ரொம்பக் குறைந்திருந்தது. எல்லாம் முதலிலிருந்து, இம்முறை சொன்னபடி, சரியாகவில்லை என்றால் அந்தச் சோதனை கட்டாயம் என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் ராஜசேகர் ட்யூபை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டான். இரவானால் அவனே பிதுக்கி அவள் கையில் வைத்தான். அவள் இன்னும் கொஞ்சம் என்பதுபோல் கையை நீட்டிக்கொண்டே நிற்பாள். அவன் மூடியைத் திருகிவிடுவான். நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தினார்கள். பொழுது விடிந்தால் வருமா வராதா என்று இருவருமே காத்திருந்தார்கள். வந்தது. அளவாக வந்தது. அடுத்தடுத்த மாதங்களிலும் வந்தது. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான், அன்று முழுக்கத் தான் ஸ்டூலையே தேடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திருந்திவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? முனியம்மாளிடம் அவள் சொன்னது இது: "டாக்டர் சொன்ன அளவு கரெக்டாத்தான் கீது. நாலு விதமா போட்டுப் பாத்ததாலதான் அது தெரிஞ்சுது."

ரத்தம் ஊற டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, தினமும் போடச் சொல்லியிருந்தார். அவள் செவ்வாயும் வெள்ளியும் போடுகிறாள். ராஜசேகர் கேட்டதற்கு, மாத்தக் கூடாதுன்னு சொன்னது க்ரீமுக்குத்தானே என்றாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன மாதக் காய்ச்சலுக்கு ஐந்து நாள் போடச் சொன்ன மாத்திரையை, மூன்றாம் நாளே உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தி, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா?